ரோஸ் கலர் வீடு

பார்சல் கொண்டுவந்தவர் எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு, ரோஸ் கலர் வீடு எங்கே என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். என் மகள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடி அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றதால் இரண்டு பேர் பேச்சும் என் காதில் விழுந்தது.

"தண்ணி டேங்க் தாண்டி வாங்கண்ணா. ரோஸ் கலர்ல ஒரே வூடுதான் இருக்கும்."

"டேங்க் தாண்டித்தாம்மா நிக்கிறேன். இங்க ரோஸ் கலர்ல வூடே இல்ல."

"உங்களுக்கு எதிர்லயே இருக்கும், நல்லா பாருங்க."

"எதிர்ல ஒரு வெளுத்த வூடு இருக்குது. வாசல்ல ஒரு பெரியவரு நின்னுகினு இருக்காரு."

அந்தப் பெரியவர் நான்தான். கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் வந்து பார்சலைக் கொடுத்தார். குழந்தைக்கு விரிக்கிற கொசுவலை. சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரோஸ்னு சொன்னாங்க சார், அதான்" என்று தன் மேல் தப்பு இருப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். எட்டாம் மாதம். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் வரைக்கும் போய் நின்று வீட்டைப் பார்த்தாள். நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். காலை பத்து மணிக்கே தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது.

"எப்பப்பா இப்டி ஆச்சு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்த கேட்டைப் பூட்டி, திறந்து, அந்தச் சுவர் ஓரமாகத்தான் நடந்திருக்கிறேன்.

என் மனைவி போன ஆடி மாதம் இறந்துபோனாள். காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மதியம் எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். புதிதாக வந்த பையன், விஷயம் தெரியாமல், ஏதோ ஒரு பேரிங் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கேட்டான். நான் ஈர வேட்டியோடு நடந்துகொண்டே எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று சொன்னேன். பெட்டி கிடைத்துவிட்டதா என்று அவனைத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கூட நடந்து வந்த என் மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவளுடைய அண்ணன் அவர். அழுது அழுது அவருக்குக் குரலே போயிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். விடிவதற்கு முன் முக்கு ரோட்டில் கம்பெனி பஸ் வரும். ஏறினால் தூக்கம். ஸ்டோர்ஸில் ஜன்னல் கிடையாது, ட்யூப்லைட் வெளிச்சம்தான். சாயங்காலம் வந்து சோறு வைப்பேன், ரசம் வைப்பேன், டிவி போடுவேன். பல் பிடுங்கிவிட்டு மரத்துப்போன தாடையோடு வீட்டுக்கு வருவோமே, தொட்டால் தொட்டது தெரியும், வலி மட்டும் இருக்காது, அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. தீபாவளி போனது. பொங்கல் போனது. சாவு விழுந்த வீடு என்பதால் கோலம் கிடையாது, பொங்கல் பானை கிடையாது, வெள்ளையடிப்பும் கிடையாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது.

அதற்குள்தான் மகள் உண்டானாள். மருமகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். லீவில் வந்துவிட்டுப் போனவர், பிள்ளை பிறக்கும்போது வர முடியாது என்று ஆகிவிட்டது. வளைகாப்பை மாங்காட்டில் சம்பந்தி வீட்டிலேயே எளிமையாகச் செய்தார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். சம்பந்தியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அங்க பொம்பள இல்லாத வூடு. யாரு பாத்துப்பாங்க? இங்கயே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். அன்று ராத்திரியே மகள் போன் செய்தாள்.

"அம்மா இல்லன்னா அது எங்கம்மா வூடு இல்லன்னு ஆயிடுமா? நான் அங்கதான் வருவேன்."

அதற்கும் சரி என்றேன். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் இரண்டு பைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள்.

வந்தவளுக்கு மேற்குப் பக்கத்து அறையைக் கொடுத்தேன். அதில்தான் கட்டில் இருந்தது. பாத்ரூமும் அதை ஒட்டியே. ஆனால் மத்தியானம் திரும்பியதும் அந்த அறைக்குள் இருக்க முடியவில்லை. வெயில் மேற்குச் சுவரில் இறங்கி உள்ளே வந்துகொண்டே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகும் சுவரில் கை வைத்தால் அடுப்பு அணைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும். ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. மகள் படுத்துக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாக அமுக்குவாள். அப்பளம் போல நொறுங்கிக் கட்டிலில் விழும். காலையில் படுக்கையைத் தட்டினால் தூள் பறக்கும். நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு பஸ்ஸுக்குப் போவேன். அது சுவரிலிருந்து வருகிறது என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பார்சல்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் மகள் மருமகனுக்கு வீடியோ போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அங்கே ஒரு கம்பெனியின் குடியிருப்புகளைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார். பாலைவனத்து நடுவில் வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். எந்த வீட்டுக்கு இந்த வருடம் பெயிண்ட் வேண்டும், எது இன்னும் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலையில் ஒன்று.

"மாமா, போனை நீங்க வாங்கிக்கினு வெளிய போங்க. எனக்கு ஒரு சுத்து காட்டுங்க" என்றார்.

வாங்கிக்கொண்டு போனேன். முதலில் வடக்குப் பக்கம் காட்டச் சொன்னார். பிறகு மேற்கு.

"ரெண்டும் ஒரே கலரா தெரியுதா உங்களுக்கு?"

அப்போதுதான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வடக்குச் சுவரில் இன்னும் கொஞ்சம் ரோஸ் மிச்சம் இருந்தது. மேற்குச் சுவர் எந்தக் கலர் என்று சொல்ல வராத மாதிரி இருந்தது. பழைய துணி போல.

"இங்க இருக்கிற வெயில்ல வூட்டோட வயசு மேக்குப் பக்கம்தான் மாமா மொதல்ல தெரியும். இப்ப கையை சொவுத்துல வச்சு நல்லா தேய்ங்க. உள்ளங்கையைக் காட்டுங்க."

காட்டினேன். கோதுமை மாவைத் தொட்டதுபோல் இருந்தது கை.

"அவ்ளோதான். பெயிண்ட்டுல ஒரு பசை இருக்கும் மாமா, கலரைப் புடிச்சிக்கினு இருக்கிறது. வெயில் அதைத்தான் தின்னும். பசை செத்துப்போச்சுன்னா வெறும் பவுடர்தான் நிக்கும். பாக்கறதுக்கு சொவுரு அப்டியே நிக்கிற மாதிரிதான் இருக்கும்."

சரி மாப்ள என்றேன். அவர் இன்னும் காட்டச் சொன்னார். ஜன்னல் கம்பிக்குக் கீழே துரு ஒழுகிய கோடுகள். மூலைகளில் மயிரிழை மாதிரி விரிசல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஓடிச் சேர்ந்து கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது. "அந்த விரிசல்ல நகம் உள்ள போவுதா பாருங்க" என்றார். போகவில்லை. "அப்ப நல்லது. கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு மழை உள்ள எறங்கிட்டா பூச்சே கழண்டுக்கும். எங்களுக்கு இங்க மழை இல்ல, மண்ணுக்காத்துதான் தேச்சுத் தள்ளும். உங்களுக்கு வெயிலும் இருக்குது, லாரிப் புழுதியும் இருக்குது, ஐப்பசியில மழையும் இருக்குது. கடைசியா எப்ப மாமா அடிச்சீங்க?"

"பாப்பா ப்ளஸ் டூ படிக்கச்சொல்ல."

"டென்த்துப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரொம்ப நாள் ஆயிடுச்சு மாமா. புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி அடிச்சிடுங்க. அந்தத் தூளு கொழந்தைக்கு ஆவாது. வாசனை போவ ஒரு வாரம் வுடணும். லைட் கலரா அடிங்க, சூடு கொறையும்."

சரி என்றேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

மச்சான் வாரத்துக்கு ஒருமுறை வருவார். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். டூட்டி முடிந்து யூனிபார்மோடு நேராக வந்து, கூடத்தில் மாட்டியிருக்கிற தங்கை படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அழுவார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ கேட்பார். எனக்கு அது பழகிவிட்டது. அவர் அழும்போது நான் பால் காய்ச்சுவேன். அந்த வாரம் டீயைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா மாப்ள பேசற? எந்தங்கச்சி செத்து இன்னும் வருசம் திரும்பல. தலை தெவசம் ஆடியில வருது. அதுக்குள்ள வூட்டுக்கு கலர் அடிப்பியா? ஊர்ல இன்னா சொல்லுவானுங்க?"

"சரி மச்சான்."

"ஆடி போவட்டும். நானே ஆளை இட்டாரேன்."

"சரி மச்சான்."

குழந்தை ஆனியிலேயே பிறந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போன பிறகு மகள் என்னிடம், "மாமா இன்னா சொல்லிச்சு?" என்றாள். ஒண்ணும் சொல்லவில்லை என்றேன். அவள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெயிண்டர்களை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். சரி என்றேன். யாராவது ஒன்றைச் சொன்னால் என் வாயில் அந்த வார்த்தைதான் இருந்தது. அதற்கு அடியில் எனக்கென்று ஒரு எண்ணம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக்கூட நான் முயன்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர்கள் வந்து, மேற்குச் சுவரில் ஏணியைச் சாத்தி, சுரண்ட ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் மச்சான் வந்துவிட்டார். யாரோ போன் செய்து சொல்லியிருக்க வேண்டும், அல்லது சும்மாதான் வந்தாரோ. கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் போட்டுவிட்டு, ஏணியில் இருந்தவரைப் பார்த்து, "எறங்குய்யா கீழ" என்றார். நான் அப்போது அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன்.

"இன்னா மாப்ள, சரின்னியே?"

"ஆமா மச்சான்."

"அப்ப இது இன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் வெளியே வந்துவிட்டாள். "எங்கிட்டயும் அப்பா சரின்னுதான் சொன்னாரு மாமா. எல்லார்கிட்டயும் சரின்னுதான் சொல்லுவாரு. அவரை ஏன் கேக்கற? நான்தான் ஆளுங்களை வரச் சொன்னேன்."

"உங்கம்மாவுக்கு வருசம் திரும்ப வாணாமா?"

"எனக்கு வலி வந்தா வருசம் திரும்பற வரைக்கும் நிக்குமா மாமா?"

மகள் மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே மேற்கு அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் வாளியோடு பின்னாலேயே போனேன். அவள் அவர் கையைச் சுவரில் வைத்து அழுத்தினாள். காலை நேரம்தான், அவ்வளவு சூடு இல்லை. ஆனால் கையை எடுத்தபோது கட்டிலில் பொலபொலவென்று உதிர்ந்தது. தூளி கட்டுவதற்காகக் கம்பியில் மாட்டியிருந்த அவள் அம்மாவின் புடவை அந்தச் சுவரை ஒட்டியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மடிப்பிலும் தூள்.

அவர் அந்தப் புடவையைக் கையில் எடுத்து உதறினார். இன்னொரு முறை உதறினார். அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு இன்னா, வூடு புதுசாவக் கூடாதுன்னா?" என்றார் கடைசியில். "அவ போயிட்டா, நாம கலர் அடிச்சிக்கினு இருக்கோம்னு இருக்குது. அவ்ளோதான்."

மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் வாளியைக் கொண்டுபோய் பெயிண்டர்களிடம் கொடுத்தேன்.

அவர்கள் ஏணியில் மறுபடி ஏறலாமா என்று கேட்டார்கள். ஏறுங்கள் என்றேன். வாசல் பக்கம் வேலையை ஆரம்பித்தவர், வெளி லைட்டுக்கான சுவிட்ச் பெட்டியைத் திருகாணி கழற்றி எடுத்தார். அவருக்கு அது தினசரி வேலை. பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ரோஸ் தெரிந்தது. கல்யாண வீட்டு பால்கோவா டப்பா மாதிரி, கண்ணைப் பறிக்கிற ரோஸ். வெயிலே பார்க்காத பெயிண்ட். அதைச் சுற்றிச் சுவர் முழுக்க, சாம்பலா வெள்ளையா என்று தெரியாத ஒன்று.

மச்சானும் மகளும் வெளியே வந்து அதைப் பார்த்தார்கள். மகள் விரலால் அந்தச் சதுரத்தின் ஓரத்தைத் தடவினாள். அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. கலர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இருக்கிற எல்லாப் பெண்களிடமும் காட்டினாள். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். அவள் அதையேதான் அடித்தாள். அதற்கப்புறம் ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் வீடு வழி சொல்ல உதவியது.

"அப்ப அந்த கலரே அடிச்சிடலாம்" என்றார் மச்சான். "எந்தங்கச்சி வச்ச கலரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அவரு லைட் கலரா அடிக்கச் சொன்னாரு மாமா. சூடு கம்மியாவும்னு" என்றாள் மகள். ஆனால் அவளும் அந்தச் சதுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு மாப்ள" என்றார் மச்சான்.

பெயிண்டர்களும் என்னைப் பார்த்தார்கள். சரி என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. எதற்குச் சரி என்று சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் கேட்டது அப்படி.

"ரோஸ் வேணாம்" என்றேன்.

மச்சான், "ஏன்?" என்றார்.

"எனக்கு அது புடிக்காது."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தினி வருசமாவா?"

"உங்கம்மாகிட்ட அப்பவே சொன்னேன். ஜிகர்தண்டா கடை மாதிரி இருக்குதுன்னேன். ஒரு வாரம் பேசல."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் பேசாமல் இருந்த அந்த வாரம் எனக்கு ஞாபகம் வந்தது. சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள், குழம்பு வேண்டுமா என்று மகளிடம் சொல்லி என்னைக் கேட்கச் சொல்வாள். நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாக இடம் மாறியது. ரேக்கில் பெட்டி நகர்வது போல. அவ்வளவுதான், உடனே நின்றுவிட்டது. ஆனால் நகர்ந்தது தெரிந்தது.

மச்சான் தங்கையின் மேல் யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவர். அன்றைக்கு வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ கலரு எடுத்தா அப்டித்தான் எடுப்பா. எங்க வூட்ல அவ கட்டாத புடவை கலரு இல்ல" என்றார். பிறகு, "இன்னா கலருதான் அடிக்கிற?" என்றார்.

"சந்தன கலரு."

"சமையலறை மட்டும் ரோஸ் அடிக்கலாம்ப்பா" என்றாள் மகள். "உள்ள வெயில் வராது. போவாது."

அதற்கு நான் சரி என்றேன். அந்தச் சரி வேறு மாதிரி இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சொல்லத் தெரியவில்லை.

பெயிண்ட் வாசனை ஆகாது என்று மகளை மச்சான் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். நான் கம்பெனியில் லீவு போட்டேன். மனைவி இறந்தபோது போட்டதற்குப் பிறகு அதுதான் முதல் லீவு. பெயிண்டர்கள் சுரண்டச் சுரண்டத் தூள் தெருவரைக்கும் பறந்தது. அடிச்சுவரில் பூத்திருந்த உப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் அடித்துக் காயவிட்டார்கள். விரிசல்களைப் பட்டி பூசி அடைத்தார்கள். பிறகு பிரைமர். சுவர் முழுக்க வெள்ளையாக நின்ற அந்த ஒரு நாள், வீடு யாருடையதாகவும் இல்லாமல் இருந்தது. அந்த வழியாகப் போன பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "புதுசா குடி வந்திருக்கீங்களா சார்?" என்று என்னையே கேட்டார். பெயிண்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்து ஜன்னல் கதவுகளுக்கு அடித்தேன். அவர்கள் தடுக்கவில்லை. நான் அடித்த இடம் திட்டுத் திட்டாக இருந்தது. அதன்மேல் அவர்கள் மறுபடி அடித்தார்கள்.

மச்சான் வேலையைப் பார்க்க வரவில்லை. சைக்கிளில் ஒருமுறை தெரு முனை வரைக்கும் வந்து, அங்கிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

மேற்குப் பக்கம் இரண்டாவது கோட் முடிந்து, பெயிண்டர்கள் சமையலறையில் ரோஸ் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மச்சான்தான்.

"மாப்ள, பாப்பாவுக்கு வலி வந்துடுச்சு. ஆட்டோவுல ஏத்திக்கினேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. கையில் பெயிண்ட்டோடு அப்படியே கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் புடவையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் யூனிபார்மில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். டூட்டியிலிருந்து பாதியில் ஓடி வந்திருக்கிறார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது முறையாக இப்படி ஒரு பெஞ்சில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்தார் போல. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வேர்த்திருந்தது. என் கையில் பாதி காய்ந்திருந்த சந்தனப் பெயிண்ட் அவர் கையிலும் ஒட்டியது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். சம்பந்தியம்மாள் மாங்காட்டிலிருந்து வந்து இறங்கி, என்னிடம் எதுவும் கேட்காமல் நேரே உள்ளே போய், எல்லா வேலைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். மருமகன் வீடியோவில் குழந்தையைப் பார்த்தார். பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாமா, மேக்குப் பக்கம் ரெண்டாவது கோட் காஞ்சிடுச்சா?" என்பதுதான். காய்ந்துவிட்டது என்றேன்.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். தலை சூடாக இருந்தது. என்ன தோன்றியது என்று மகள் பிறகு கேட்டாள். கனமாக இருந்தது என்றேன். உண்மை அதுதான். கனம் தெரிந்தது. மச்சான்தான் குழந்தையின் நெற்றியைப் பார்த்து, "அப்டியே எந்தங்கச்சி" என்று சொல்லி வெளியே போய்விட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாக் குழந்தையும் போலத்தான் இருந்தது.

மறுநாள் மகளுக்கு மாற்றுத்துணியும் ப்ளாஸ்க்கும் எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். பெயிண்டர்கள் வேலையை முடித்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தால் நெடி மூஞ்சியில் அடித்தது. இன்னும் கொஞ்ச நாளில் குழந்தை வந்து படுக்க வேண்டிய இடம். எல்லா ஜன்னல்களையும் திறந்துவைக்க வேண்டும். கூடத்து ஜன்னல் திறந்தது. சமையலறை ஜன்னல் திறந்தது. மேற்கு அறை ஜன்னல் திறக்கவில்லை. நான் அடித்ததும், அதன்மேல் அவர்கள் அடித்ததும் சேர்ந்து கதவும் சட்டமும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்துவிட்டிருந்தன.

கையால் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சமையலறையிலிருந்து கத்தியை எடுத்து வந்து இடுக்கில் விட்டு மேலிருந்து கீழே மெதுவாக அறுத்தேன். ஊர் அடங்கிக் கிடந்த மத்தியானம். பைபாஸில் கார் ஏற்றிக்கொண்டு போகிற ட்ரெய்லர்களின் சத்தம் மட்டும் விடாமல் வந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பனியன் முழுக்க நனைந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஏன் அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை. போன் அடித்தது. மகள்.

"எங்கப்பா இருக்க? டிரஸ் எடுத்தார போனவரு ஆளையே காணோம்."

"வூட்லதான் இருக்கேன்."

"இன்னா பண்ணிகினு இருக்க?"

"ஜன்னல் தொறக்கறேன். ஒட்டிக்கிச்சு."

"அதை வுடுப்பா. மாமா வந்து தொறக்கும். நீ கெளம்பி வா, பசிக்குது எனக்கு."

"இரு. ஜன்னல் வந்துடும்."

"சரின்னு சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பின்னால் குழந்தை அழுதது. போனைக் கட்டில்மேல் அப்படியே வைத்துவிட்டு, இன்னொரு முறை தோளைக் கொடுத்தேன். பெயிண்ட் கிழிகிற சத்தத்தோடு கதவு வெளிப்பக்கம் போய்ச் சுவரில் மோதியது. அனல் காற்று உள்ளே வந்தது. நான் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன், மூச்சு வாங்க.

"தொறந்துச்சாப்பா?" என்று போனிலிருந்து கேட்டாள்.

"தொறந்துடுச்சு" என்றேன்.